28 மி.மீ. வீரனும் 1/72 டாங்கியும்: பொம்மைகளின் அளவுக் கணக்கு

என் அலமாரியில் இரண்டு வாள்வீரர்கள் பக்கம் பக்கமாக நிற்கிறார்கள். செய்தவர்கள் வேறு வேறு. இரண்டு பெட்டியிலும் 28 மி.மீ. என்றுதான் போட்டிருந்தது. ஆனால் ஒருவனுடைய உச்சந்தலை மற்றவனுடைய மூக்குக்குத்தான் எட்டுகிறது. மனிதர்களில் குட்டையும் நெட்டையும் உண்டே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பெரியவனின் முஷ்டியைப் பார்த்ததும் அந்தச் சமாதானமும் போய்விடும். அது ஏறக்குறைய சின்னவனின் தலை அளவுக்கு இருக்கிறது.

மினியேச்சர் எனப்படும் இந்தக் குட்டி உருவங்களை வாங்கத் தொடங்கும் எல்லாரும் ஒரு முறையாவது இந்தக் குழியில் விழுவார்கள். பெட்டியில் உள்ள எண்ணை நாம் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம். சில பெட்டிகளில் அது அளவுதான். மற்றவற்றில் அது வெறும் பெயர். எது எப்போது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

சரி, முதலில் சுலபமானதைப் பார்ப்போம். பாகங்களை ஒட்டிக் கட்டும் விமானம், கப்பல், டாங்கி போன்ற மாடல் கிட்களில் 1/72, 1/48, 1/35 என்று ஒரு விகிதம் இருக்கும். இது நேரடியான வகுத்தல் கணக்கு. 1/72 என்றால், நிஜப் பொருளில் எந்த நீளத்தை எடுத்தாலும் அதை 72ஆல் வகுத்தால் மாடலில் அதன் நீளம் வந்துவிடும். கீழே உள்ள எண் பெரிதாகப் பெரிதாக மாடல் சிறிதாகும். புதியவர்கள் முதல் வாரத்தில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது சகஜம். 1/144 என்பது 1/72-ஐவிடப் பெரியது என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய டைகர் டாங்கியை எடுத்துக்கொள்வோம். பீரங்கிக் குழலையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 8.45 மீட்டர். 1/35-இல் அது 24 செ.மீ.; இரண்டு கைகளாலும் தூக்கத் தோன்றும். 1/72-இல் 11.7 செ.மீ., உள்ளங்கைக்கு அடங்கும். 1/100-இல் எட்டரை செ.மீ. 1/300-க்குப் போனால் மூன்று செ.மீ.கூட இல்லை, கட்டைவிரல் நுனியில் நிற்கும்.

இதில் கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. 1/35 மாடல் 1/72 மாடலைப்போல இரண்டு மடங்கு என்று சொல்வோம். நீளத்தில் அது சரி. ஆனால் அகலமும் உயரமும்கூட இரண்டு மடங்காகின்றன. ஆக, அடைக்கும் இடம் எட்டு மடங்குக்கும் மேல். அலமாரியில் இடம் ஒதுக்கும்போதும், ரெசின் (உருவம் வார்க்கும் பிசின்) எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடும்போதும்தான் இது உறைக்கும். பரப்பு நான்கு மடங்கு என்பதால் பெயின்டும் அதே கணக்கில் கரையும்.

72, 48 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? பத்து, ஐம்பது, நூறு என்று வசதியாக வைத்திருக்கலாமே என்று தோன்றும். காரணம் அடியும் அங்குலமும். ஓர் அடிக்கு 12 அங்குலம். மாடலில் ஓர் அங்குலம் நிஜத்தில் ஓர் அடி என்றால் விகிதம் 1/12. பொம்மை வீடுகள் செய்பவர்களின் அளவு இது. அரை அங்குலம் ஓர் அடி என்றால் 1/24. கால் அங்குலம் ஓர் அடி என்றால் 1/48. ஓர் அங்குலம் ஆறு அடி என்றால் 1/72. ஆறடி மனிதன் அதில் சரியாக ஓர் அங்குலம் நிற்பான். அளவுகோலை வைத்து வரைபடத்திலிருந்து மரத்தைச் செதுக்கிய காலத்தில் இதைவிட வசதியான எண் கிடையாது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வீரர்களுக்கு அடையாளம் காட்டுவதற்காகப் பள்ளி மாணவர்களைக் கொண்டு லட்சக்கணக்கில் மர விமானங்களைச் செய்வித்தது. அவையும் 1/72 அளவில்தான்.

எல்லா எண்ணுக்கும் இப்படி அழகான காரணம் கிடையாது. இன்று டாங்கி மாடல் என்றாலே நினைவுக்கு வருகிற 1/35-ஐ எந்த அளவுகோலும் தரவில்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பேந்தர் டாங்கி கிட் ஒன்றைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டும். அவை அடங்கும்படி உடலை வடிவமைத்த பிறகு அளந்து பார்த்தால், நிஜ டாங்கியில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. கிட் நன்றாக விற்றது, அடுத்தவையும் அதே அளவில் வந்தன, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பேட்டரியின் தடிமன் ஒரு துறையின் தர அளவைத் தீர்மானித்துவிட்டது!

ரயில் மாடல்களிலும் மோட்டார் இதே வேலையைச் செய்திருக்கிறது. எச்ஓ என்ற அளவில் 3.5 மி.மீ. என்பது ஓர் அடி, விகிதம் 1/87. அதற்கான தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. பிரிட்டனின் ரயில் எஞ்சின்கள் நிஜத்திலேயே ஒடுக்கமானவை என்பதால், அன்றைய மோட்டார்கள் 1/87 உடலுக்குள் நுழையவில்லை. அங்கிருந்தவர்கள் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு, உடலை மட்டும் 4 மி.மீ. ஓர் அடி என்று பெரிதாக்கினார்கள். அதுதான் ஓஓ அளவு, 1/76. இன்றைக்கும் அந்த மாடல்களில் ரயில் ஓர் அளவு, தண்டவாளம் வேறோர் அளவு.

கப்பல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 251 மீட்டர் நீளமுள்ள பிஸ்மார்க் போர்க்கப்பலை 1/72-இல் செய்தால் மூன்றரை மீட்டர் வரும். அதை வைக்கத் தனி அறை வேண்டும். அதனால் கப்பலுக்கு 1/350, 1/700 என்று போய்விட்டார்கள். 1/700-இல் கப்பல் 36 செ.மீ., மாலுமி இரண்டரை மி.மீ.

மில்லிமீட்டர் என்னும் இன்னொரு மொழி

இனி மனித உருவங்களுக்கு வருவோம். மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் விளையாட்டு ஆடுபவர்கள் விகிதம் பேசுவதில்லை. 6 மி.மீ., 15 மி.மீ., 28 மி.மீ., 54 மி.மீ. என்பார்கள். இவர்களுக்கு உருவத்தின் உயரமே அளவு. கேட்க எளிமையாக இருக்கிறது. சிக்கல் எல்லாம் இங்கேதான்.

இந்த வழக்கத்துக்குப் பழைய உதாரணம் 54 மி.மீ. இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளே கூடாக இருக்கும் ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. அன்றைய பெரிய பொம்மை ரயில்களோடு பொருந்தும் உயரம் 54 மி.மீ. அதை 32ஆல் பெருக்கினால் 1.73 மீட்டர், ஒரு சராசரி ஆண். ஆகவே 54 மி.மீ. என்பது 1/32 என்று தயங்காமல் சொல்லலாம். மில்லிமீட்டரும் விகிதமும் ஒத்துப்போகிற அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

மற்ற இடங்களில் முதல் கேள்வியே தகராறு: உயரத்தை எங்கிருந்து எதுவரை அளப்பது? பாதத்திலிருந்து உச்சந்தலை வரை என்று நாம் நினைப்போம். ஆனால் போர்வீரன் தலையில் இரும்புத்தொப்பி இருக்கும். நெப்போலியன் காலத்துக் காவல்படை வீரன் என்றால் கரடித்தோல் குல்லாய் ஒரு முழம் நிற்கும். உச்சி எங்கே என்று யார் கண்டது? அதனால் பலர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள். கண் எப்போதும் தெரியும், தொப்பி அதை மறைக்காது. இது நல்ல யோசனைதான். ஆனால் எல்லாரும் இதையே பின்பற்றவில்லை.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். 1.75 மீட்டர் ஆளுக்குக் கண் சுமார் 1.63 மீட்டரில் இருக்கும். கண்வரை 28 மி.மீ. என்றால் விகிதம் 1/58. உச்சிவரை 28 மி.மீ. என்றால் 1/62. ஒரே எண், இரண்டு அளவு. இத்தனைக்கும் இருவருமே நேர்மையாக அளந்திருக்கிறார்கள்.

20 மி.மீ. கதை இன்னும் வேடிக்கை. 1/72 உருவங்களைப் போர் விளையாட்டுக்காரர்கள் காலங்காலமாக '20 மி.மீ.' என்றே அழைக்கிறார்கள். 1.75 மீட்டர் ஆளை 72ஆல் வகுத்துப் பாருங்கள்: 24 மி.மீ. வருகிறது. கண்வரை அளந்தாலும் 22-க்கு மேல். அப்படியானால் 20 எங்கிருந்து வந்தது? 87ஆல் வகுத்தால் சரியாக 20 மி.மீ. கிடைக்கும். அதாவது எச்ஓ ரயில் நிலையத்தில் நிற்கும் பயணியின் உயரம். 1959-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் சின்ன பிளாஸ்டிக் வீரர்களை விற்கத் தொடங்கியபோது, அவற்றின் பெட்டியிலும் எச்ஓ, ஓஓ என்ற ரயில் அளவுகள்தான் இருந்தன. பின்னாளில்தான் 1/72 என்று மாறியது. உருவங்கள் வளர்ந்துவிட்டன, பெயர் மட்டும் வளரவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 15 மி.மீ.க்கும் இதே கதி. அதன் வண்டிகள் பெரும்பாலும் 1/100. அந்த விகிதத்தில் ஆள் பதினேழரை மி.மீ. நிற்க வேண்டும். இன்றைய '15' உருவங்கள் பல அப்படித்தான் நிற்கின்றன.

இப்படி உருவங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே போவதை ஆர்வலர்கள் ஸ்கேல் க்ரீப் என்கிறார்கள். இதில் சதி ஏதும் இல்லை. சிற்பிக்கு இடம் கூடுதலாக இருந்தால் முகத்தில் பாவம் கொண்டுவரலாம், பொத்தானைத் தனியாகக் காட்டலாம். பக்கத்துத் தயாரிப்பாளரின் வீரன் அரை மி.மீ. உயரமாக நின்றால் மேசையில் அவன்தான் கம்பீரமாகத் தெரிவான். நம்முடையவனும் வளர வேண்டியதுதான். 25 மி.மீ. என்று தொடங்கிய கற்பனைப் படைகள் 28 ஆகி, இன்று 32, 35 என்று வந்து நிற்கின்றன.

தலை ஏன் இவ்வளவு பெரிது?

உயரம் மட்டும் பிரச்சினை என்றால் சமாளித்துவிடலாம். உண்மையான வேறுபாடு உடல் விகிதத்தில் இருக்கிறது.

நிஜ மனிதனின் உயரம் அவன் தலையைப்போல ஏழு, ஏழரை மடங்கு. தாடையிலிருந்து உச்சிவரை 23 செ.மீ. என்று வைத்தால், 28 மி.மீ. உருவங்களோடு வழக்கமாகச் சேர்த்துச் சொல்லும் 1/56-இல் தலை 4 மி.மீ. ஒரு மிளகு அளவே உள்ள அந்த இடத்தில் கண், மூக்கு, மீசை எல்லாம் செதுக்கி, அதன்மேல் பெயின்டும் அடிக்க வேண்டும். வாளின் கதை இதைவிட மோசம். நிஜ வாளின் தகடு 5 மி.மீ. தடிமன் என்றால் 1/56-இல் அது 0.09 மி.மீ., கிட்டத்தட்ட தலைமுடித் தடிமன். இந்த உருவங்களை வார்க்கும் வெள்ளை உலோகத்தில் (வெள்ளீயக் கலவை) அதை வார்க்க முடியாது. வார்த்தாலும் முதல் ஆட்டத்திலேயே ஒடிந்துவிடும்.

அதனால் சிற்பிகள் தலையையும் கையையும் ஆயுதத்தையும் தெரிந்தே பெரிதாக்கினார்கள். ஒரு கை தூரத்தில் நின்று மேசையைப் பார்க்கும் ஆட்டக்காரருக்கு, இவன் வில்லாளி, அவன் ஈட்டிக்காரன் என்று உடனே தெரிய வேண்டும் அல்லவா? இந்தப் பாணிக்கு ஹீரோயிக் என்று பெயர். 1983-இல் வார்ஹேமர் விளையாட்டைக் கொண்டுவந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் உருவங்கள்தான் இதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். அதே நிறுவனம் 2001-இல் திரைப்பட உரிமையோடு ஒரு வரிசையை வெளியிட்டபோது, நடிகர்களின் சாயல் வர வேண்டும் என்பதால் உடல் விகிதத்தை நிஜத்துக்கு அருகில் வைத்தது. இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்தால் திரைப்பட வீரர்கள் நோஞ்சான்களாகத் தெரிவார்கள். ஆனால் உண்மையில் மனிதர்களைப்போல இருப்பவர்கள் அவர்கள்தான்.

கிட் கட்டும் பழக்கத்திலிருந்து வருபவர்களுக்கு ஹீரோயிக் உருவம் முதலில் கேலிச்சித்திரமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அப்புறம் சரியான விகிதத்தில் இருந்த சில உருவங்களுக்குப் பெயின்ட் அடித்து, ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறக் குச்சிகளாகத் தெரிந்தன. கண்ணாடி அலமாரியில் வைத்து நெருங்கிப் பார்க்க ஒரு பாணி, மேசையில் நகர்த்தி ஆட இன்னொரு பாணி. இரண்டையும் ஒரே கூட்டத்தில் கலந்தால்தான் கண் உறுத்துகிறது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் '32 மி.மீ.' என்று இருந்தால் அது உருவத்தின் உயரமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காலுக்குக் கீழே ஒட்டும் வட்டமான பேஸின் விட்டமாகவும் இருக்கலாம். 25, 32, 40 எல்லாம் பேஸ் அளவுகளாகவும் புழங்கும் எண்கள். வாங்குவதற்கு முன் எது என்று படித்துப் பாருங்கள்.

வீரனுக்கு எந்த டாங்கி?

புதியவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். 28 மி.மீ. வீரர்கள் கையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் எந்த விகித வண்டியை நிறுத்துவது?

முன்பு பார்த்த கணக்குப்படி 1/58 முதல் 1/62 வரை. இரண்டாம் உலகப் போர் விளையாட்டுகளுக்கான 28 மி.மீ. வண்டிகள் பெரும்பாலும் அதைவிடச் சற்றே பெரிய 1/56-இல்தான் வருகின்றன. ஆனால் மேசையில் வைத்ததும் டாங்கி சற்றுச் சின்னதாகத் தெரியும். வீரன் இரண்டு, மூன்று மி.மீ. தடிமனான பேஸின்மேல் நிற்கிறான், டாங்கிக்கு அந்த மேடை கிடையாது. வீரன் ஹீரோயிக் ரகம் என்றால் தோளும் தலையும் அகலம். டாங்கியின் மூடியைத் திறந்தால் அவன் உள்ளே இறங்கவே முடியாது. அதனால் பலர் 1/48 கிட்டை வாங்குகிறார்கள். 1/48-இல் 1.75 மீட்டர் ஆள் 36 மி.மீ. நிற்பான், பேஸோடு சேர்த்த ஹீரோயிக் வீரனும் ஏறக்குறைய அவ்வளவு உயரம் வந்துவிடுகிறான். நின்றால் பொருந்துகிறது, ஆனால் டைகர் டாங்கியின் நீளம் 15 செ.மீ.யிலிருந்து பதினேழரைக்குப் போய், மேசையில் தெருவையே அடைத்துவிடும். என் விருப்பம் 1/56-தான். உங்களுக்கு 1/48 அழகாகத் தெரிந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியும் ஒரே விகிதத்தில் இருக்கட்டும், அது போதும். வீரனுக்கும் டாங்கிக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையைவிட, இரண்டு டாங்கிகளுக்கு இடையே உள்ளதுதான் கண்ணில் முதலில் படும்.

கண் எதை மன்னிக்கும், எதை மன்னிக்காது என்று கொஞ்ச நாளில் பழகிவிடும். மரம், பாறை, புதர், இடிந்த சுவர் எந்த அளவிலிருந்து வந்தாலும் கவலையில்லை. நிஜத்திலேயே மரங்கள் ஒரே உயரத்தில் வளர்வதில்லை. கதவு, நாற்காலி, மிதிவண்டி, செங்கல் எல்லாம் மனித உடலுக்காக அளந்து செய்தவை. அங்கே தவறு பளிச்சென்று தெரியும். இரண்டு மீட்டர்க் கதவு 1/56-இல் 36 மி.மீ.; பேஸோடு நிற்கும் வீரனின் தலை அதன் நிலையில் இடிக்கும். கட்டடம் செய்பவர்கள் கதவை மட்டும் நாற்பதுக்குமேல் வைப்பது இதனால்தான். 1/72 கிட்டையும் 1/76 கிட்டையும் கலப்பது பற்றிப் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. ஆறடி ஆளுக்கு அந்த வேறுபாடு ஒன்றரை மி.மீ.கூட இல்லை. வேறு வேறு வகை வண்டிகள் என்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அளவு பற்றிக் கவலைப்படுகிறவர்கள் மேசையையே மறந்துவிடுவதும் உண்டு. 1/56-இல் 300 மீட்டர் துப்பாக்கி எல்லை என்பது ஐந்து மீட்டருக்கும் மேல். ஆடும் மேசையோ பெரும்பாலும் ஆறடிக்கு நான்கடி. நிஜக் கணக்கைப் பிடித்தால் முதல் குண்டு பக்கத்து அறையில் போய் விழும். அதனால் விளையாட்டுகள் தூரத்துக்கு வேறொரு விகிதத்தை வைத்திருக்கின்றன. பல விளையாட்டுகளில் துப்பாக்கி 24 அங்குலம் எட்டும்; உருவத்தின் விகிதத்தில் பார்த்தால் அது வெறும் 34 மீட்டர். நெப்போலியன் காலப் போர்களை ஆடும்போது ஒரு பொம்மை இருபது பேருக்கோ ஐம்பது பேருக்கோ நிற்கும். பெரிய நிலப்பரப்பில் படைகள் நகர்வதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் 6 மி.மீ.க்குப் போவது இந்தக் காரணத்தால்தான். அது 1/285 அல்லது 1/300. முகம் தெரியாது, ஆனால் படை படையாகத் தெரியும்.

வீட்டிலேயே உருவங்களை அச்சிட்டு எடுக்கும் ரெசின் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். பழைய விகித எண்ணைப் புதிய விகித எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் எத்தனை சதவீதம் என்று வந்துவிடும். 1/56-இல் உள்ள கணினிக் கோப்பு ஒன்றை 1/72 ஆக்க 78 சதவீதம். ரெசின் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். கூடவே எல்லாத் தடிமனும் குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். அரை மி.மீ. ஈட்டி 0.39 மி.மீ. ஆகி, அச்சிடும்போது உருவத்தைத் தாங்கி நிற்கும் குச்சிகளை வெட்டும்போதே ஒடியும். ஆயுதங்களை மட்டும் தனியே தடிமனாக்குவது நல்லது. பெரிதாக்கும்போது வேறு தொல்லை: சிறிய அளவில் போதுமாக இருந்த முகம், பெரிதானதும் மொழுக்கென்று ஆகிவிடும்.

புதிய தயாரிப்பாளரிடம் வாங்குவதற்கு முன், பெட்டி எண்ணை விட்டுவிட்டு, அளவுகோலோடு எடுத்த படம் இருக்கிறதா என்று தேடுங்கள். நிமிர்ந்து நிற்கும் உருவத்தில் பாதத்திலிருந்து கண்வரை அளங்கள், பேஸைச் சேர்க்காதீர்கள். குனிந்தோ மண்டியிட்டோ இருந்தால் தலையை மட்டும் அளங்கள். 28 மி.மீ. உருவத்தில் நான்கு மி.மீ. என்றால் நிஜ விகிதம், ஐந்தைத் தாண்டினால் ஹீரோயிக். முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள், முப்பது பேர் படையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் குட்டை வீரனை விட்டுவிட மனம் வரவில்லை. பேஸுக்கும் காலுக்கும் நடுவே மூன்று மி.மீ. கார்க் துண்டை ஒட்டி, பாறைபோலப் பெயின்ட் அடித்தேன். உயரம் இப்போது சரியாக இருக்கிறது. தலை மட்டும் இன்னும் சின்னதுதான். அதனால் பின்வரிசையில், கேடயத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒருவனுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்.